ஒரு சைஸ் பெரிய மன்னிப்புக் கடிதம்

1

செப்டம்பர் ஐந்தாம் தேதி காலையில் போனைத் திறந்தால் கோபியிலிருந்து வரிசையாக வாழ்த்துகள். “ஹேப்பி டீச்சர்ஸ் டே மிஸ்” என்று ரோஜாப்பூவும் கரும்பலகையும் போட்ட படங்கள். அமெரிக்கா வருவதற்கு முன் ஆறு வருடம் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு மிஸ்ஸாக இருந்தேன். அன்று என்னிடம் குட்டு வாங்கியவர்கள் இன்று பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். இன்னும் மறக்காமல் அனுப்புகிறார்கள், நல்லா இருக்கட்டும்.

சீனர்களுக்கு ஆசிரியர் தினம் செப்டம்பர் பத்து. நியூ ஜெர்சியில், பார்சிப்பனி பக்கம் ஒரு சீன டியூஷன் சென்டரில் ஒன்பது வருடம் வேலை பார்த்ததால் எனக்கு வருடத்துக்கு இரண்டு ஆசிரியர் தினம். வீட்டுக்காரர் சிவா கிண்டல் பண்ணுவார்: “உனக்கு மட்டும் தீபாவளி ரெண்டு தடவை வருது, போ.” இந்த வருடம் அந்த இரண்டு நாளுக்கும் நடுவில், எட்டாம் தேதி, ஒரு ஈமெயில் வந்தது.

அனுப்பியது இங்குள்ள ஓர் அரசுப் பள்ளி நிர்வாகம். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக ஜூலையில் என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள். ‘இணைப்பில் உள்ள ஆவணம் பற்றி உங்கள் விளக்கம் தேவை. அதுவரை நீங்கள் பணியில் சேர இயலாது’ என்று இரண்டே வரி. இணைப்பைத் திறந்தேன். என் பெயர், என் கையெழுத்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே எழுதிய கடிதம். ‘மாணவி ஐரிஸின் கையைப் பிடித்து நான் பலமாக இழுத்தேன். அவள் அழுதாள். என் கோபத்தை என்னால் அடக்க முடியவில்லை.’

நான் இழுக்கவில்லை. இழுக்காத ஒருத்தி இழுத்தேன் என்று எப்படிக் கையெழுத்துப் போட்டாள் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக வருமா தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் புரியாது. இங்கே வந்தவுடன் நம் படிப்பு செல்லாது. பி.எஸ்சி. கணக்கு, பி.எட்., ஆறு வருட அனுபவம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டரில் போட்டுப் பரணில் வைத்தேன். புருஷன் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு முதல் ஐந்து வருடம் வேலை பார்க்கவே அனுமதி இல்லை. பிறகு வொர்க் பெர்மிட் வந்தது. பி.எட்.டை மதிப்பீடு செய்ய யூனிவர்சிட்டியிலிருந்து சீல் வைத்த கவர் நேரடியாக வரவேண்டும் என்றார்கள். அப்பா மூன்று தடவை பஸ் ஏறிப் போய், அந்தக் கிளார்க் லீவு, இந்த செக்‌ஷன் இல்லை என்று அலைந்து அனுப்பிவைத்தார். வந்து சேர்ந்த கவரில் என் இனிஷியல் தப்பு. மறுபடியும் முதலிலிருந்து.

அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் சென்டரில் சேர்ந்தேன். நடத்துகிறவர் பெயர் லின். எல்லாரும் பிரின்சிபல் லின் என்பார்கள். அறுபதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு, சீனாவில் பதினெட்டு வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இன்டர்வியூவில் போர்டில் ஒரு கணக்குப் போடச் சொன்னார். நான் போட்டுக்கொண்டிருக்க, அவர் கணக்கைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கணக்கு வருது. முகம் பழகணும்” என்றார். (எங்களுக்குள் பேச்செல்லாம் உடைந்த இங்கிலீஷில்தான். படிக்கிறவர்கள் சிரமப்பட வேண்டாமே என்று தமிழில் எழுதுகிறேன்.)

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பத்து வயசுப் பிள்ளைகள் எழுந்து நின்று “லாவ்ஷி” என்று வணக்கம் சொன்னார்கள். லாவ்ஷி என்றால் டீச்சர். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்த நாட்டில் தபால்காரரிலிருந்து பக்கத்து வீட்டு ஐந்து வயசுப் பொடிசு வரை என்னை “ஹாய் செல்வி” என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே நான் செல்வி லாவ்ஷி. பெற்றோர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், இரண்டு கையாலும்தான் எதையும் கொடுத்தார்கள். ‘எங்கள் பிள்ளையிடம் கண்டிப்பாக இருங்கள், உங்கள் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். கோபியில் அப்பாமார்கள் வந்து, “ரெண்டு கண்ணை மட்டும் உட்டுட்டு மிச்சத்தை உரிச்செடுங்க மிஸ்” என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதே ஜாதி. நம்மாட்கள்தான், மொழிதான் வேறே என்று நினைத்துவிட்டேன். கோயிலில் பார்க்கிற ஒரு ஆன்ட்டி, “சைனாக்காரங்ககிட்டயா வேலை பாக்கறே?” என்று மூக்கைச் சுளித்தபோதுகூட அவரிடம் சண்டைக்குப் போனேன்.

3

கணக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த வேலையில் கால்வாசி. மிச்சம் முக்கால்வாசி மனசு சம்பந்தப்பட்டது.

“டீச்சரோட முகம்தான் ஸ்கூலோட முகம்” என்பார் லின். சாயங்காலம் பிள்ளையைக் கையில் பிடித்து அம்மாவிடம் ஒப்படைக்கும்போது சிரித்த முகம். களைப்புத் தெரியக்கூடாது. தலைவலி என்று நெற்றியைப் பிடிக்கக்கூடாது, அம்மா பார்த்துவிட்டு ‘என் பிள்ளை படுத்துகிறான் போலிருக்கிறது’ என்று வருத்தப்படுவாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தினம் ஒரு மெசேஜ் எழுத வேண்டும். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் ஒரு குறை, கடைசியில் ஒரு நம்பிக்கை. பதினான்கு பிள்ளைக்கும் பதினான்கு விதமாக. காப்பி அடித்து ஒட்டினால் அம்மாக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அனுப்பி முடித்ததும் பெற்றோர் குரூப்பில் வரிசையாகப் பதில் வரும்: “டீச்சர், ரொம்பப் பாடுபட்டீங்க.” அது அவர்கள் வழக்கம். முதல் வருடம் ஒவ்வொன்றையும் படித்துப் பூரித்துப்போனேன்.

ஒரு பிள்ளை பரீட்சையில் தேறாவிட்டால் அவன் வீட்டுக்கு நாங்கள் போக வேண்டும். லின் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு முன்னால் போவார், நான் பின்னால். “எங்கள் கவனம் போதவில்லை” என்று லின் தலையைக் குனிவார். உடனே அந்த அம்மா பதறி, “ஐயையோ, இல்லை, எங்க பையன்தான் சோம்பேறி” என்பாள். இவர் இல்லை என்பார், அவள் இல்லை என்பாள். பழம் நறுக்கி வரும். எழுந்திருக்கும்போது எல்லார் மனசும் லேசாகியிருக்கும். பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். நம் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்திகள், “குறை ஏதும் இருந்தா பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கோணும்” என்று கும்பிட, எதிராளி “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று கையைப் பிடித்துக்கொள்வதும் இதுவும் ஒன்றுதானே.

அப்புறம் அம்மாக்களின் அழுகை. புருஷன் ஷாங்காயில், மாமியார் போனில், மகன் பேசுவதில்லை. எல்லாம் என் காதில்தான் விழும். பார்க்கிங் லாட்டில் காரின் ஜன்னலை இறக்கிவிட்டுச் சொல்வார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். வீட்டுக்கு வந்தால் என் பெண் மித்ரா சோபாவில் போனும் கையுமாகக் கிடப்பாள். “சாப்ட்டியா கண்ணு?” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச எனக்குத் தெம்பு இருக்காது. ஒருநாள் ஏதோ கேட்டாள், நான் ‘ம்’ என்றேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “யூ யூஸ் அப் ஆல் யுவர் நைஸ் தேர், அம்மா.”

இருக்கிற நல்ல குணத்தையெல்லாம் அங்கேயே செலவு பண்ணிவிட்டு வருகிறாயாம். சுருக்கென்றது. சண்டை போட்டிருக்கலாம், அதற்கும் தெம்பில்லை.

4

ஐரிஸ் என்னிடம் வரும்போது எட்டு வயது. முன்பல் இரண்டும் பெரிசு, பேச்சு ஓயாது. வகுப்பு முடிந்தும் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் அம்மா ஒரு மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறவர், இங்கிலீஷ் என்னைவிட நன்றாகப் பேசுவார். அங்கே அம்மாக்களைப் பிள்ளை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நம் ஊரில் ‘ரமேஷ் அம்மா’ என்கிற மாதிரி. அதனால் எனக்கு அவர் கடைசி வரை ஐரிஸ் அம்மாதான். மகள் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஈவிரக்கம் கிடையாது. தொண்ணூற்றாறு வாங்கினால் “நாலு எங்கே?” என்பார்.

ஐரிஸுக்குப் பத்து வயசானபோது ஒரு கணக்குப் போட்டிக்கு சென்டரில் தேர்வு வைத்தோம். அவள் தேறவில்லை. பேப்பரைப் பார்த்தாள், நாலாகக் கிழித்தாள், ஓடிப்போய் ரெஸ்ட்ரூமில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். மற்ற பிள்ளைகளை, சென்டரில் உதவிக்கு இருந்த லின்னின் மருமகளிடம் விட்டுவிட்டு, நான் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். ஏதேதோ பேசினேன். பத்தாவதில் நான் சயின்ஸில் முப்பத்தெட்டு வாங்கியதைச் சொன்னேன். கடைசியில் தாழ் திறந்தது. இடுக்கு வழியாகக் கையை நீட்டினேன். அவள்தான் என் கையைப் பிடித்தாள். அவளாகத்தான் வெளியே வந்தாள்.

“டீச்சர், அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. அன்றைய மெசேஜில் ‘ஐரிஸ் இன்று நன்றாக முயற்சி செய்தாள்’ என்று எழுதினேன். நான் செய்த தப்பு என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

5

மறுநாள் லின் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “ஐரிஸ் அம்மா ரொம்பக் கோபமா இருக்காங்க. பொண்ணு கண்ணு சிவந்து வந்தாளாம். நீ அவ கையைப் பிடிச்சதா மருமக சொன்னா. பிடிச்சியா?”

“பிடிச்சேன். அவதான் பிடிச்சா.”

“ஒரு கடிதம் எழுது.”

எங்கள் சென்டரில் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. டீச்சர் மேல் மனத்தாங்கல் வந்தால் தன் குற்றத்தைத் தானே அலசி ஒரு கடிதம் எழுதி, பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும். லின் இளம் வயதில் சீனாவில் இது மாதிரி எத்தனையோ எழுதியிருக்கிறாராம். நான் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “ஆழம் இல்லை. மார்க்குக்குப் பயந்து அழுதாள்னு எழுதினா, அம்மாவாலதான் அழுதாள்னு ஆயிடும். அவங்களுக்கு முகம் போயிடும், அவமானம். டீச்சரால அழுதாள்னு எழுது. யாருக்கும் முகம் போகாது.”

என் முகம்? கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஐரிஸுக்குக் கொடுத்த வாக்கும் அப்போதுதான் உறைத்தது, ரெஸ்ட்ரூம் கதை அம்மா காதுக்குப் போனால் அது உடையும்.

இரண்டாவதாக எழுதினேன். கையைப் பிடித்து அழைத்து வந்தேன் என்று. “பிடிச்சேன்னு எழுதினா தற்காப்பு மாதிரி இருக்கு. இழுத்தேன்னு எழுது. நடந்ததைவிட ஒரு சைஸ் பெருசா எழுதணும். அப்பத்தான் அவங்களே, ‘இல்லை டீச்சர், அவ்வளவெல்லாம் இல்லை’ன்னு குறைச்சுச் சொல்வாங்க. அத்தோட முடிஞ்சது” என்றார். எனக்கு அது நூற்றுக்கு நூறு புரிந்தது, அதுதான் கொடுமை. ஆரஞ்சுப் பையோடு போன அத்தனை வீட்டிலும் அதைத்தானே பார்த்தேன். நம் ஊரிலும் அதுதானே. தப்பெல்லாம் என் மேலே என்று சொல்கிறவனிடம் யாரும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை.

மூன்றாவது கடிதத்தின் இங்கிலீஷைச் சரிபார்க்க மித்ராவிடம் கொடுத்தேன். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“டிட் யூ டூ திஸ்?”

“இல்லடா கண்ணு.”

“தென் ஒய் ஆர் யூ சேயிங் யூ டிட்?”

“அவங்க மனசு ஆறோணும்ல. இது சும்மா ஒரு மரியாதைக்கு.”

“அம்மா, திஸ் இஸ் எ கன்ஃபெஷன்.”

“உனக்கு அந்தப் பழக்கவழக்கமெல்லாம் தெரியாது. ஸ்பெல்லிங் மட்டும் பாரு, போதும்.”

ஸ்பெல்லிங் மட்டும் பார்த்துக் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டேன். லின்னின் அறையில் ஐரிஸ் அம்மா முன்னால் நின்றுகொண்டே வாசித்தேன். வாசித்து முடித்ததும் அவர் அழுதார். ‘அவ்வளவெல்லாம் இல்லை டீச்சர்’ என்பதற்காகக் காத்திருந்தேன். அவர் கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தார், திருப்பிக் கொடுத்தார், “நன்றி டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அழுதுவிட்டாரே, மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். ஐரிஸையும் நிறுத்தவில்லை, அடுத்த வாரமே அனுப்பினார். லின் என் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு ஐரிஸ் என் மேஜைப் பக்கம் நிற்பதில்லை. கணக்கெல்லாம் சுத்தமாகப் போடுவாள், கேட்டால் பதில் சொல்வாள், போய்விடுவாள். வளர்கிற பெண், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

6

பதினாறு வருடக் காத்திருப்புக்குப் பிறகு நியூ ஜெர்சி ஆசிரியர் சான்றிதழ் என் கைக்கு வந்தது. அரசுப் பள்ளியில் வேலையும் கிடைத்தது. ஆகஸ்டில் லின்னிடம் ராஜினாமா சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போனது. “ஒன்பது வருஷம் உன்னை வளர்த்தேன்” என்றார். ஆனாலும் இரண்டு கையாலும் எனக்கு ஒரு பேனா கொடுத்துத்தான் அனுப்பினார்.

குழந்தைகளோடு முன்பு வேலை பார்த்த இடங்களுக்குப் பள்ளி நிர்வாகம் ஒரு படிவம் அனுப்பும். இவர் மேல் ஏதாவது புகார், பதிவு உண்டா என்று கேட்கும். எல்லாரும் ‘இல்லை’ என்று டிக் அடித்து அனுப்புவார்கள். லின் ‘உண்டு’ என்று டிக் அடித்து, என் கடிதத்தை இணைத்து அனுப்பியிருந்தார்.

எட்டாம் தேதி ஈமெயிலைப் பார்த்ததும் அவருக்குப் போன் போட்டேன். “என்ன காரியம் பண்ணிட்டீங்க?”

“பதிவு இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு. அரசாங்கப் படிவத்துல பொய் எழுதச் சொல்றியா?”

“அது பொய்னு உங்களுக்குத் தெரியும். நீங்கதான் எழுத வச்சீங்க!”

“கையெழுத்து உன்னோடது.”

“அன்னைக்கே முடிஞ்சதுன்னு சொன்னீங்களே. ஏன் கிழிச்சுப் போடல?”

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாரோ என்னமோ, சொன்னார்: “நீ ரொம்ப நல்லா எழுதியிருந்தே. புது டீச்சர்களுக்கு மாதிரியாக் காட்டுறதுக்கு ஃபைல்ல வச்சிருந்தேன்.”

மாதிரி! இரண்டு வருடமாக, புதிதாக வந்த ஒவ்வொரு சின்னப் பெண்ணுக்கும் என் கடிதத்தைக் காட்டி, இப்படித்தான் எழுத வேண்டும் என்று பாடம் நடந்திருக்கிறது. அவர்கள் எல்லாரும் என்னைத் தினம் பார்த்து, “குட் ஆஃப்டர்நூன் செல்வி லாவ்ஷி” என்று சொல்லியிருக்கிறார்கள். குழந்தையை இழுத்தவள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. “அங்க சிக்கலாச்சுன்னா இங்க வந்துடு. உன் வகுப்பு அப்படியேதான் இருக்கு” என்றார். சட்டென்று போனை வைத்துவிட்டேன். நான் போகக்கூடாது என்பதற்காகவே அனுப்பினாரா, படிவத்துக்குப் பயந்து அனுப்பினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் துரோகம் துரோகம்தான். அந்த வார்த்தைக்கு ஒரு சைஸ் சின்னதாக என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

கோபியில் நான் நிஜமாகவே குட்டியிருக்கிறேன், காதைத் திருகியிருக்கிறேன். ஒருத்தரும் ஒரு காகிதம் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைகள் எனக்கு ரோஜாப்பூ அனுப்புகிறார்கள். சுண்டுவிரலைக்கூட அழுத்திப் பிடிக்காத ஊரில் எனக்குப் பதிவு இருக்கிறது.

7

பள்ளி நிர்வாக ஆபீசில் டோனா என்று ஒரு பெண்மணி. மரியாதையானவர். தண்ணீர் கொடுத்தார்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“ஆமாம்.”

“இதில் இருப்பது உண்மையா?”

“இல்லை.”

“பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?”

சொன்னேன். முகம், ஆரஞ்சு, ஒரு சைஸ், சம்பந்தி வீட்டு மன்னிப்பு, எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிவில், “செல்வி, என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். குழந்தையை இழுத்த ஒரு டீச்சர். உண்மையில்லாததில் கையெழுத்துப் போடுகிற ஒரு டீச்சர். நான் யாரை வேலைக்கு எடுப்பது?” என்றார்.

அந்த அம்மாவிடமிருந்து எழுத்தில் ஏதாவது கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று பத்து நாள் கொடுத்தார்.

வீட்டில் மித்ரா காத்திருந்தாள். நான்தான் சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் என் கையிலிருந்த பையை வாங்கி வைத்தாள். “ஜஸ்ட் ஆஸ்க் ஹெர் மாம்” என்றாள்.

8

ஐரிஸ் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். சனிக்கிழமை மகளின் நீச்சல் வகுப்பு முடியும் நேரத்துக்கு வரச்சொன்னார். நீச்சல் குளத்து பார்க்கிங் லாட்டில் அவருடைய வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். பின்சீட்டில் ஈரத்தலையோடு, காதில் இயர்போனோடு ஐரிஸ். இப்போது பன்னிரண்டு வயது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். உங்கள் கோபத்துக்காக என் பெயரைக் கெடுத்துக்கொண்டேனே, உங்களைப் போன்ற அம்மாக்களின் கண்ணீரையெல்லாம் என் கையில் பிடித்தேனே, எனக்கு இரண்டு வரி எழுதித் தர மாட்டீர்களா என்று. அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன். “நான் இழுத்ததா நீங்க புகார் சொன்னதாலதான் அந்தக் கடிதமே.”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “நான் புகார் சொல்லவே இல்லையே.”

“கோபமா இருக்கீங்கன்னு பிரின்சிபல் சொன்னாங்க.”

“ஐரிஸ் கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது நடந்துதான்னு ஒரு மெசேஜ் போட்டேன். அவ்வளவுதான். நீங்க இழுத்தீங்கன்னு உங்க கடிதத்திலிருந்துதான் எனக்கே தெரியும்.”

ஒரு கேள்விக்குள் பத்துக் கோபம் ஒளிந்திருக்கிறது என்று லின்னே முடிவு கட்டியிருக்கிறார். அந்த இல்லாத கோபத்துக்கு நான் மூன்று தடவை எழுதியிருக்கிறேன்.

“அது நிஜமில்லை” என்றேன். “நான் இழுக்கல. அவ தேர்வில தேறல. பேப்பரை உங்ககிட்டக் காட்டப் பயந்து ரெஸ்ட்ரூம்ல பூட்டிக்கிட்டா. நான் வெளியே உட்கார்ந்து பேசிக் கூட்டிட்டு வந்தேன். சொல்ல வேண்டாம்னு கெஞ்சினா. ஒரு மரியாதைக்காகத்தான் பெருசா எழுதினேன். நீங்க அவ்வளவெல்லாம் இல்லைன்னு சொல்வீங்கன்னு…”

“ஏன் சொல்லணும்? நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தீங்க. கேட்டு அழுதேன். என் பொண்ணை ஒருத்தர் இழுத்தாங்கன்னு. ஆனா தானே ஒத்துக்கிற டீச்சர் எங்கே கிடைப்பாங்க, அதனால நிறுத்தல.” அவர் குரல் மெல்ல மாறியது. “அன்னைக்கு வீட்டுக்குப் போய் ஐரிஸ்கிட்டக் கேட்டேன். லாவ்ஷி இழுக்கவே இல்லைன்னு சொன்னா. திரும்பத் திரும்பக் கேட்டேன். இழுக்கல, இழுக்கலன்னே சொன்னா.”

நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

“டீச்சரே எழுதியிருக்காங்க, நீ ஏன் பொய் சொல்றேன்னு அறைஞ்சேன். அவளை நான் அடிச்சது அந்த ஒரு தடவைதான்.”

பக்கத்தில் யாரோ வண்டியை எடுத்தார்கள். வழிவிட்டு நகர்ந்து நின்றோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். “என்ன எழுதணுமோ எழுதித் தரேன். முதல்ல நீங்க அவகிட்டச் சொல்லுங்க.”

ஒன்பது வருடம் பழகிய முகம், எந்த நேரத்திலும் சட்டென்று சிரிக்கத் தெரிந்த முகம், அன்று எனக்கு வரவில்லை. பின்கதவின் ஜன்னலைத் தட்டினேன். இறக்கினாள். ஒரு காதிலிருந்து மட்டும் இயர்போனை எடுத்தாள்.

“ஐரிஸ், அன்னைக்கு லாவ்ஷி உன்னை இழுக்கல. இழுத்தேன்னு நான் எழுதினது பொய். நீ சொன்னதுதான் உண்மை.”

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை.

“தெரியும் டீச்சர்” என்றாள். “நான் அங்கதானே இருந்தேன்.”

இயர்போனைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டு ஜன்னலை ஏற்றினாள்.